உஷார்! வீட்டை விற்கப் போகிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன் குழியைப் பாருங்கள்!

பூட்டிக் கிடக்கும் அப்பா காலத்து வீட்டை விற்பது என்று முடிவானதும் வேலைகள் மளமளவென்று தொடங்கிவிடும். புதரை வெட்டுவோம், காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்போம், வாசலில் நாலு குரோட்டன்ஸ் தொட்டி வைப்போம். முகப்பு பளிச்சென்று இருந்தால் நல்ல விலை படியும் என்பார் புரோக்கர். உண்மைதான். ஆனால், அந்த வீட்டுக்கு மிக ஆபத்தான காலமும் இதுதான்!

தோட்டவேலைக்காரர், பெயிண்டர், புரோக்கர், வீடு பார்க்க வருபவர், அவரோடு வரும் குழந்தை என்று புது ஆட்கள் வரிசையாக உள்ளே வருவார்கள். கிணறு எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

குழந்தை விழும் குழி

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. தீபாவளியை மறந்து தமிழ்நாடே தவித்தது. நாள்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. உங்கள் தோட்டத்திலும் வறண்டுபோன போர்வெல் இருக்கிறதா? கோணிச்சாக்கும் கருங்கல்லும் மூடி ஆகாது. களிமண், மணல், ஜல்லி கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வழிகாட்டியிருக்கிறது. பயன்பாட்டில் உள்ள போர்வெல் என்றால், கழற்ற முடியாத இரும்பு மூடி போடுங்கள். திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவரும் கம்பி வலையும் கட்டாயம்.

செப்டிக் டேங்க்: யாரையும் இறக்காதீர்கள்!

பழைய டேங்க்கின் மேல்மூடி, உள்ளிருந்து வரும் வாயுவால் கம்பி துருப்பிடித்திருந்தாலும், மேலே பார்க்கத் திடமாகவே தெரியும். அதன்மேல் மண் கொட்டிப் புல் வளர்த்தாலோ டைல்ஸ் பதித்தாலோ அங்கே குழி இருப்பதே தெரியாது. மிதித்தவர் உள்ளே போவார். பழைய மூடியை மாற்றுங்கள். இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியட்டும்.

விற்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டுமா? கழிவுநீர் லாரியை மட்டும் கூப்பிடுங்கள். 'குறைந்த கூலிக்கு இறங்கி அள்ளித் தருகிறேன்' என்று யார் வந்தாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குபவர் எழுந்து வரமாட்டார். காப்பாற்ற இறங்குபவரும் சாவார். உரிய பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கூலிக்கு அமர்த்திய வீட்டுக்காரரும் தப்ப முடியாது.

மேலே கம்பி, கீழே பாம்பு

மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அலுமினிய ஏணி, தென்னை மட்டை கழிக்க இரும்புத் தொரட்டி. இரண்டும் மின்கம்பியைத் தொட்டால் உயிர் போகும். மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே ஆளை ஏற்றுங்கள்.

புதரும் செங்கல் குவியலும் கண்ணாடி விரியனுக்கும் கட்டுவிரியனுக்கும் பிடித்த இடங்கள். பூட்ஸும் நீளக் கம்பும் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள். பாம்பு தெரிந்தால் அடிக்க வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பூசி மறைத்தால் வழக்கு வரும்

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சன்ஷேடின் அடியில் துருக்கறை, ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர், சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்று. இவற்றின்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் கொஞ்ச நாள் கண்ணை மறைக்கலாம். ஐப்பசி மழையில் எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குள் சன்ஷேடு யார் தலையிலாவது விழுந்தால்? பொறியாளரிடம் காட்டிச் சரிசெய்த பிறகே பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரிந்துகொள்ள முடியாத முக்கியக் குறையை நீங்கள் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55. சொல்லாமல் விட்டால் அது மோசடி. அழகுக்காகத் தோட்டம் முழுக்க சிமென்ட் கல் பதித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டியை மூடுவதும் தவறு. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

இன்றே செய்யுங்கள்

முதல் ஆள் மண்வெட்டியோடு வருவதற்கு முன், ஒரு தாளில் மனையை வரையுங்கள். கிணறு, போர்வெல், செப்டிக் டேங்க், மழைநீர்த் தொட்டி, மின்கம்பி, பலவீனமான சுவர் எல்லாவற்றையும் குறியுங்கள். வேலையாட்களிடமும் புரோக்கரிடமும் ஒவ்வொரு நகல் கொடுங்கள். குழிகளைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கிரயம் ஆகும் நாளில் அதே வரைபடத்தை வாங்குபவர் கையிலும் கொடுங்கள். நாளை அந்தத் தோட்டத்தில் ஓடி விளையாடப் போவது அவர் பிள்ளைகள்!