நோன்பு மாதமும் உடல் எடையும்

ரமலான் மாதத்தில், மாலை ஆறு மணி கடந்தபின், தம்பானூரில் ஒரு காட்சியைக் காணலாம். திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்துக்கும் அதன் எதிரிலுள்ள பேருந்து நிலையத்துக்கும் இடையே விரையும் கூட்டத்தினூடே, பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் பாட்டிலும் கையில் ஏந்தி மஃரிப் பாங்கொலிக்குச் சிலர் காத்திருப்பர். கடைப் பணியாளர், ஓட்டுநர், நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறவிருக்கும் நம் தமிழ் அன்பர்கள் எனப் பலரும் அவர்களுள் இருப்பர்.

நோன்பு ஒரு வழிபாடு. எடை குறைக்கும் முறை அன்று. எனினும், பகலெல்லாம் உண்ணாதிருந்தும் மாத இறுதியில் எடை கூடிவிட்டதே என வருந்துவோர் உளர். அதன் காரணத்தையும் தவிர்க்கும் வழியையும் இங்கே காண்போம்.

எடையைத் தீர்மானிப்பது இரவே

திருவனந்தபுரம் ஏறத்தாழ 8.5 பாகை வட அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஆதலால் ரமலான் எந்தப் பருவத்தில் வந்தாலும் இங்கு நோன்பு நேரம் சுமார் 13 முதல் 14 மணி அளவிலேயே அமைகிறது. எஞ்சிய நேரத்தில் நாம் எதை, எவ்வளவு உண்கிறோம் என்பதே எடையைத் தீர்மானிக்கிறது.

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம். அன்றாடச் செலவைவிட 250 கிலோகலோரி மிகுதியாக உண்டால், 30 நாட்களில் அது 7,500 ஆகிறது. எண்ணெயில் பொரித்த பெரிய சமோசா ஒன்றே அந்த அளவைத் தரக்கூடும். சிறுசேமிப்பு சேர்வது போலவே இதுவும் நாம் அறியாமல் சேர்கிறது.

மறுபுறம், நோன்பாளிகளிடம் நடந்த பல ஆய்வுகள், மாத இறுதியில் சராசரியாக ஒரு கிலோ அளவு எடை குறைவதையும், பின்னர் சில வாரங்களில் அது பெரும்பாலும் திரும்பி விடுவதையும் காட்டுகின்றன. முதல் சில நாட்களில் குறைவதில் பெரும்பகுதி நீரே.

நோன்பு திறக்கும்போது

இரண்டு மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி ஆகியவை நல்ல தொடக்கம். தொழுகையை முடித்தபின் முதன்மை உணவை உண்ணலாம். வயிறு நிறைந்ததை மூளை உணரச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். இந்த இடைவெளி மிகையாக உண்பதைத் தடுக்கும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு அல்லது பத்திரி, கால் பங்கு மீன், முட்டை, பயறு என அமைத்துக் கொள்வது நன்று. பொரித்தவற்றை வாரம் ஓரிரு நாட்களுக்கு மட்டும் ஒதுக்கலாம். சர்பத்தில் சேரும் ஒவ்வொரு தேக்கரண்டிச் சர்க்கரையும் சுமார் 20 கிலோகலோரி என்பதை நினைவில் கொள்வோம்.

சஹர் உணவைத் தவிர்க்க வேண்டாம்

சஹரை விட்டுவிட்டால் மாலையில் பசி கட்டுக்கடங்காது. கோதுமைப் புட்டும் கடலையும், முட்டை, தயிர், பழம் போன்றவை நெடுநேரம் பசி தாங்கும். ஊறுகாயும் அப்பளமும் தாகத்தைக் கூட்டும். தண்ணீரை ஒரே மூச்சில் அருந்தாமல், இரவு முழுவதும் பகிர்ந்து அருந்துவோம்.

உணவுக்குப்பின் அரைமணி நேர நடை பயன் தரும். உறக்கம் குறைந்தால் பசி மிகும். ஆதலால் வாய்ப்புள்ளோர் பகலில் சற்று ஓய்வு கொள்ளலாம்.

எது சரியான எடை?

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். இந்தியருக்கு இது 18.5 முதல் 22.9 வரை இருத்தல் நலம். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 முதல் 62 கிலோ. வாரம் ஒருமுறை, ஒரே எடைக்கருவியில், ஒரே நேரத்தில் எடை பார்த்தால் போதும். ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் மேலும் குறையாமல் காத்துக் கொள்ள வேண்டும்.

மருத்துவரைக் கலந்தபின்

நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நோன்பு தொடங்குமுன் மருத்துவரைக் காண்பது கட்டாயம். மருந்தின் அளவையும் நேரத்தையும் தாமே மாற்றுதல் கூடாது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே முடித்துக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. நோயாளிகளும் பயணிகளும் நோன்பைப் பின்னொரு நாளில் நிறைவேற்ற மார்க்கமே சலுகை அளித்துள்ளது. 

பெருநாளுக்குப் பின்னரும் அளவோடு உண்ணும் பழக்கத்தைத் தொடர்வோமாயின், குறைந்த எடை திரும்பாது. கூடிய எடையும் மெல்லக் குறையும்.