மின்னூல் சந்தா: நட்டத்தைச் சுமப்பவர் யார்?

மாதம் 9.95 டொலர் செலுத்துங்கள். பட்டியலிலுள்ள நூல்களை அளவின்றி வாசியுங்கள். 2013ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நியூயோர்க்கில் ஆரம்பமான ஒய்ஸ்டர் என்னும் மின்னூல் நிறுவனம் வாசகர்களுக்கு விடுத்த அழைப்பு இது. இரண்டே ஆண்டுகளில், 2015 செப்ரெம்பரில், தனது சேவையை மூடப்போவதாக அது அறிவித்தது. நூல்களும் இருந்தன, வாசகர்களும் இருந்தனர். பின்னர் ஏன் அது நிலைக்கவில்லை?

விடை கணக்கிலேயே உள்ளது. வாசகர் ஒரு நூலின் குறிப்பிட்ட பகுதியைக் கடந்ததும், அந்நூல் விற்பனையானதாகவே கொண்டு பதிப்பகத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். நூலைத் திறவாத சந்தாதாரரால் முழு இலாபம். ஐந்தாறு நூல்களை வாசிப்பவரால் நட்டம். உடற்பயிற்சி நிலையங்கள், சந்தா கட்டிவிட்டு வராதவர்களால் வாழ்கின்றன. ஆனால் நூலுக்குச் சந்தா கட்டுபவரோ பெரும்பாலும் வாசிக்கும் வேட்கை உடையவர்.

ஸ்கிறிப்ட் நிறுவனமும் இதே சிக்கலை எதிர்கொண்டது. காதற்கதை வாசகர்கள் மிகுதியாக வாசித்தமையால், 2015இல் அவ்வகை நூல்கள் பலவற்றை அது நீக்கியது. 2016இல் மாதம் 3 நூல்கள் என்ற வரம்பையும் சிலகாலம் விதித்தது.

2014 யூலையில் தொடங்கிய அமேசனின் கிண்டில் அன்லிமிடெட் மட்டும் வேறு வழியைக் கண்டது. தாமே நூல் வெளியிடும் எழுத்தாளர்களுக்கென மாதந்தோறும் ஒரு தொகையை அதுவே நிர்ணயிக்கின்றது. 2015 யூலை முதல், வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைப்படி அத்தொகை பகிரப்படுகின்றது. வாசிப்புப் பெருகினால் நிறுவனத்தின் செலவு தானாக ஏறாது. பக்கத்துக்குரிய பங்கே சுருங்கும்.

அமெரிக்காவில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது அரைச் சதத்துக்கும் குறைவு. 300 பக்க நூல் முழுவதும் வாசிக்கப்பட்டாலும் ஒன்றரை டொலர் தேறாது. அதே நூல் 2.99 டொலருக்கு விற்பனையானால், 70 வீத உரிமைத்தொகையின்படி ஏறத்தாழ 2 டொலர் கிடைக்கும். மேலும், இத்திட்டத்தில் சேர்த்த மின்னூலை அக்காலத்தில் வேறெங்கும் விற்க முடியாது.

தமிழ் நூல்களும் இதில் இடம்பெறுகின்றன. வாசகர் தொகை சிறிதான மொழியில், பக்கக் கணக்கில் கிடைக்கும் வருவாயும் சிறிதே.

ஒய்ஸ்டர் நட்டத்தைத் தானே சுமந்து வீழ்ந்தது. அமேசன் அதனை எழுத்தாளரின் தோளில் ஏற்றி நிலைத்தது. சந்தாவில் வாசித்து மகிழ்ந்த நூலை, இயலுமாயின் விலை கொடுத்தும் வாங்குவது, அதை எழுதியவருக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.