கம்பெனி கிளட்ச் கால் மைலைத் தாங்குமா?

டெக்சஸில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். அவனிடம் இருப்பது 2015 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி, கையால் கியர் போடுகிற வண்டி. இன்ஜினில் ஆரம்பித்து கிளட்ச் வரை எல்லாமே கம்பெனி போட்டுக் கொடுத்தது. பக்கத்து ஊர் டிராக் ரேஸ் தளத்தில் சனிக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமாம். "ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கடா. கிளட்ச் தாங்குமா தாங்காதா? திங்கக்கிழமை இதே வண்டியிலதான் ஆபீஸ் போகணும்" என்றான்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரெண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிவு கொஞ்சம் எதிர்பாராதது. கிளட்ச் தாங்குமா என்பது கிளட்சை விட டயரைத்தான் அதிகம் பொறுத்திருக்கிறது.

முதலில் அடிப்படை. ஃப்ளைவீல் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. கிளட்ச் பிளேட் கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றுகிறது. பிரஷர் பிளேட் ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில் அந்த பிளேட்டை ஃப்ளைவீல் மேல் அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இந்தப் பிடி எவ்வளவு முறுக்குவிசை வரை வழுக்காமல் தாங்கும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வு எண், அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்கள் எத்தனை. இந்த அளவு வண்டிக்குப் பொருந்துகிற உதாரண எண்களை நானாக எடுத்துக்கொள்கிறேன், ஃபோர்ட் வெளியிட்டவை அல்ல. 0.3 உராய்வு, 11,000 நியூட்டன் அழுத்தம், 10.5 சென்டிமீட்டர் ஆரம், 2 முகங்கள். பெருக்கினால் சுமார் 690 நியூட்டன் மீட்டர். அந்த மஸ்டாங் இன்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 542. ஆக, கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கையிருப்பு இருக்கிறது. கார்களில் பொதுவாக 1.2 முதல் 1.5 மடங்கு வரைதான் வைப்பார்கள். இன்னும் வைத்தால் பெடல் கல் மாதிரி கனக்கும், டிராஃபிக்கில் வண்டி வெட்டி வெட்டிப் போகும்.

இதைப் பார்த்தால் "542 தானே, 690 தாங்குமே, அப்புறம் என்ன பயம்?" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 690 கிளட்ச் குளிர்ந்திருக்கும்போது உள்ள கணக்கு. டிராக் ரேஸில் கிளட்சைக் கொல்வது பெரும்பாலும் சூடு.

கால் மைல் என்பது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். வண்டி நிற்கிறது, இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. பெடலை விடும்போது இந்த இரண்டு வேகங்களும் ஒன்றாகும் வரை எங்கேயாவது ஒரு இடத்தில் வழுக்கியே ஆக வேண்டும். அதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில். இன்னொன்று கிளட்ச் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில்.

கணக்குக்கு வருவோம். இந்த வண்டியின் முதல் கியர் 3.66. பின் ஆக்ஸில் விகிதம் 3.73 என்று எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 13.65. டயர் ஆரம் சுமார் 34 சென்டிமீட்டர், ஓட்டுநரோடு எடை சுமார் 1,750 கிலோ.

சாதாரண ரோட்டு டயரின் பிடிமானம் 1 என்று வைத்தால், கிளம்பும்போது பின்பக்கம் சாயும் எடையையும் சேர்த்து, பின் டயர்கள் தாங்குவது சுமார் 9,800 நியூட்டன். அதை இன்ஜின் பக்கமாக மாற்றிக் கணக்கிட்டால் வெறும் 244 நியூட்டன் மீட்டர். அதாவது கிளட்ச் தன் பலத்தில் பாதியைக்கூடத் தொடுவதற்கு முன்னாலேயே டயர் சுற்றிவிடும். புகை டயரிலிருந்து வரும். கிளட்ச் சட்டென்று பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

இப்போது டிராக் ரேஸுக்கென்றே வரும் ஒட்டும் டயரைப் போடுங்கள். பிடிமானம் 1.55 என்று வைக்கலாம். எடையும் இன்னும் அதிகமாகப் பின்னால் சாயும். இப்போது டயர் தாங்குவது 17,000 நியூட்டனுக்கு மேல், இன்ஜின் பக்கம் சுமார் 430. டயர் வழுக்க மாட்டேன் என்கிறது. அப்போ வழுக்க வேண்டியது யார்? கிளட்ச்தான்.

4,000 ஆர்பிஎம்முக்கு ஈடாக முதல் கியரில் வண்டி சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். இந்த டயரில் அதற்கு ஒரு விநாடிக்குச் சற்று மேலே ஆகும். அந்த ஒரு விநாடியும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. இன்ஜின் வேகத்தையும் கிளட்ச் கடத்தும் விசையையும் மாறாமல் வைத்துக் கிளம்பினால், இன்ஜின் கொடுக்கும் ஆற்றலில் சரிபாதி வண்டியின் வேகமாகிறது, மீதிப் பாதி கிளட்சில் சூடாகிறது. மெதுவாக விட்டாலும் சரி, வேகமாக விட்டாலும் சரி, இந்தப் பங்கு மாறாது. நம் கணக்கில் அந்தப் பாதி சுமார் 95 கிலோஜூல். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் 47-ஐ ஒரு விநாடி போட்டு நிறுத்தினால் வரும் சூடு அது. போய்ச் சேருவது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில்.

கிளட்ச் பிளேட்டின் மேல்பூச்சு நாரும் பிசினும் சேர்ந்தது. சூட்டை உள்ளே வாங்காது. அதனால் ஏறக்குறைய எல்லாமே ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் இரும்புக்குத்தான் போகிறது. இரும்பு மொத்தம் 10 கிலோ என்றால், சூடு பரவி முடிந்த பிறகு 20 டிகிரிதான் ஏறியிருக்கும். ஆனால் அந்த ஒரு விநாடிக்குள் சூடு ஆழத்துக்கு இறங்க நேரமில்லை. மேல்பரப்பு மட்டும் 130, 140 டிகிரி ஏறிவிடுகிறது. பிளேட் சமமாகப் படியாத இடங்களில் இன்னும் அதிகம். ஏற்கனவே 80, 90 டிகிரியில் இருக்கும் கிளட்ச் என்றால் முதல் ஓட்டத்திலேயே 220-ஐ நெருங்கிவிடுகிறது. 250, 300 டிகிரியைத் தாண்டினால் பிசின் சிதையத் தொடங்கும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் திணறும் வண்டிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும்.

முதல் ஓட்டம் பிழைக்கும். ஆறவிடாமல் உடனே இரண்டாவது, மூன்றாவது போனால்தான் சிக்கல். சூட்டில் உராய்வு எண் 0.3-லிருந்து 0.2-க்கு இறங்கினால், அதே கிளட்சின் பிடி 690-லிருந்து 460-க்கு விழுகிறது. இன்ஜின் கொடுப்பதோ 542. இப்போது மூன்றாவது கியரில்கூட வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் பிடி குறைவு, பிடி குறைந்தால் இன்னும் வழுக்கல். இந்தச் சுழலுக்குள் போய்விட்டால் ஒரே ஓட்டத்தில் பிளேட் கண்ணாடி மாதிரி மழுங்கிவிடும், இரும்பில் நீலத் திட்டுகள் விழும்.

அப்போ பலமான கிளட்ச் போட்டுவிட்டால்? கம்பெனி கிளட்சுக்கு யாரும் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. அது ஃபியூஸ். 5,000 ஆர்பிஎம்மில் பெடலைப் படாரென்று விட்டாலும், 690-க்கு மேல் போகும் விசையை அது வழுக்கி விழுங்கிவிடுகிறது. அதனால் முதல் கியரில் ஆக்ஸிலுக்குப் போவது அதிகபட்சம் சுமார் 9,400 நியூட்டன் மீட்டர். 1,000 தாங்கும் ரேஸ் கிளட்சைப் போட்டால் இது 13,600 வரை போகலாம். டயரும் ஒட்டுகிறது, கிளட்சும் விடவில்லை என்றால் அடுத்து உடையப்போவது கியர் பல்லோ ஆக்ஸிலோதான். கிளட்ச் செலவைத் தவிர்க்கப் போய் கியர்பாக்ஸ் செலவில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஃபோர்டே 2018 மாடலில் இதற்கு வேறு வழி எடுத்தது: இரட்டை பிளேட் கிளட்ச். உராயும் முகங்கள் 2-க்குப் பதில் 4. அதே அழுத்தத்தில் பிடி இரட்டிப்பாகும், இல்லையென்றால் பெடலை இலகுவாக்கிவிட்டும் போதுமான பிடி கிடைக்கும். சூடும் நான்கு முகங்களில் பங்கு போடப்படும்.

பணத்தைத் தாண்டி உயிர் பற்றிய ஒரு விஷயமும் உண்டு. ஃப்ளைவீலும் கிளட்சும் சுற்றுவது ஓட்டுநரின் பாதத்துக்கு முன்னால். சூட்டில் விரிசல் விட்ட வார்ப்பிரும்பு 7,000 ஆர்பிஎம்மில் வெடித்தால் துண்டுகள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். அந்த இடத்தின் ஆபத்துக்குப் பெரிய சாட்சி டான் கார்லிட்ஸ். 1970-ல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தளத்தில் அவர் வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அடுத்த வருடமே அவர் இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு வந்தார். அந்த வகை டிராக்ஸ்டர்கள் பின்பு முழுக்க அந்த வடிவத்துக்கே மாறின. கையால் கியர் போடும் கார் 11.49 விநாடி அல்லது அதற்குள் கால் மைலை முடித்தால் சான்று பெற்ற ஃப்ளைவீலும் கிளட்சும் வேண்டும் என்று என்ஹெச்ஆர்ஏ அமைப்பின் விதிகள் கேட்பது இதனால்தான்.

நண்பனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

ரோட்டு டயரிலேயே போ. நேரம் கொஞ்சம் கூடும், கிளட்ச் பிழைக்கும்.

டயரைச் சூடாக்கச் சுற்றும்போது பெடலைப் பாதியில் வைத்துக்கொண்டு நிற்காதே. சட்டென்று முழுக்க விட்டுவிடு.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் அரை மணி நேரம் விடு. வரிசையில் நகரும்போது பாதிக் கிளட்சில் ஊர்ந்து போகாதே. முன்னால் இடம் விழும் வரை நியூட்ரலில் நில்.

வாடை வந்தால் அன்றைக்கு அதோடு முடிந்தது. திரும்பி வரும்போது நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் முழுக்க மிதித்துப் பார். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் போய்விட்டது.

ஒட்டும் டயரோ சூப்பர்சார்ஜரோ வாங்கும் எண்ணம் வந்தால், கிளட்ச், ஆக்ஸில் செலவையும் அதே பட்ஜெட்டில் எழுதிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் வந்தது. நாலு ஓட்டம், வாடை இல்லை, முதல் இரண்டில் டயர் சுற்றியதால் நேரம் வீண். "அந்த ஒட்டுற டயர் செட் என்ன விலைன்னு பார்த்துட்டிருக்கேன்" என்று கடைசியில் ஒரு வரி. மேலே இருக்கும் கடைசி அறிவுரையை மறுபடி காப்பி செய்து அனுப்பியிருக்கிறேன்.

பைக்கில் எண்ணெயில் ஊறிய பல பிளேட் கிளட்ச் இருக்கிறது. அங்கே சூட்டுக் கணக்கு வேறு மாதிரி. அதை அடுத்த பதிவில் பார்க்கலாம்.