மறைத்துக் குடிக்கிறவர்கள்

முல்லைத்தீவில் உளசமூகப் பணியாளராக வீடு வீடாகப் போய் வருகிறேன். குடியைப் பற்றிக் கதைத்தால் எல்லோரும் கணவனையோ மகனையோ காட்டுவார்கள். பெண்களைக் கேட்டால், "எங்கட ஊரில அப்பிடி இல்லைப் பிள்ளை" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். 2015இல் நாடு முழுவதும் நடந்த தொற்றாநோய் ஆய்விலும், குடிப்பதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. சொல்லப் பயந்தவர்களை எந்த ஆய்வும் எண்ணாது.

நான் அறிந்த ஒருவர் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைத் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றித்தான் குடிப்பார். பிறகு கிணற்றடியில் பல் தீட்டி, வெற்றிலை போட்டுக்கொண்டுதான் ஆட்களுக்கு முன்னால் வருவார். நெடுநாள் பழகிய பிறகு சொன்னார்: "நித்திரை வராமக் குடிக்கிறன் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனான் அக்கா. நான் பொம்பிளை இல்லை. சின்னனிலயே எனக்குத் தெரியும். இதை அம்மாவிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தபோது அவருடைய கட்டை முடியும் நீளக் காற்சட்டையும் யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்ததோடு அந்த வாழ்க்கையும் முடிந்தது. வவுனியா பம்பைமடுவில் தடுத்துவைக்கப்பட்ட முன்னாள் பெண் போராளிகளுக்குத் தையலும் அழகுக்கலையும் பழக்கினார்கள். வீடு திரும்பியவருக்குச் சேலை, கலியாணப் பேச்சு. வன்னியில் குடிக்கும் பெண்கள் பலரை அதில் தள்ளியது இழப்பும் தனிமையும்தான். இவருக்கு அவற்றோடு இந்தச் சுமையும் சேர்ந்தது.

குடியை நிறுத்தவென்று வீட்டார் அவரை அறைக்குள் பூட்டினார்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. நாள்பட்டுக் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் நடுங்கும், பிதற்றும், உயிரும் போகலாம். பெண்ணாய்ப் பிறந்த உடலில் நீர் குறைவு. அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மதுசாரம் கூட ஏறும், ஈரலும் வேளைக்கே பழுதாகும். ஆஸ்பத்திரியில் ஒருவர், "பொம்பிளைப் பிள்ளை குடிக்கலாமே?" என்று கேட்டார். அடுத்த கிளினிக்குக்கு இவர் போகவில்லை.

சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்டது. பெண்களுக்கு மது விற்கக்கூடாதென்ற 1955ஆம் ஆண்டுத் தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார்; சில நாளிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். குடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தத் தடை கசிப்புக் காய்ச்சுகிற இடத்துக்குப் போகும் எந்தப் பெண்ணையும் மறித்ததாக நான் காணவில்லை.

இவரைப் போன்றவர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரிக்கும் சான்றிதழுக்கு 2016இல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. அதற்கும் முதலில் உளநல மருத்துவரிடம்தான் போகவேண்டும். குடிக்குச் சிகிச்சை பெறவும் அதே வாசல்தான். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் பூட்டிவைக்காதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். போக முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.