மருந்தாளராக விரும்பும் பிள்ளைக்கு உயிரியல்



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.டி.பி.எம். முடிவு வெளிவந்ததும், அர்ச்சனைத் தட்டோடு வரும் பெற்றோர் சிலர் என்னைத் தனியே அழைத்து, "சார், பிள்ளை பார்மசி படிக்க ஆசைப்படுது, உயிரியல்தான் கைகொடுக்கவில்லை" என்று சொல்வதுண்டு. நெடுங்காலம் அப்பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில் சில கருத்துகளை இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972இல் மருந்தாளர் கல்வி தொடங்கியது. இன்று பல பல்கலைக்கழகங்களில் அக்கல்வி உண்டு. ஆறாம் படிவம் வழியாகச் செல்லும் பிள்ளைக்கு எஸ்.டி.பி.எம். தேர்வே நுழைவாயில். வேதியியலைப் போல் உயிரியலிலும் நல்ல தேர்ச்சி இருந்தால்தான் போட்டியில் நிற்க முடியும்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி என் குறிப்புகளை வரி மாறாமல் ஒப்புவிப்பாள். நானும் மகிழ்ந்து தட்டிக்கொடுத்தேன். தேர்விலோ கேள்விகள் காரணம் கேட்டன. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகொரு நாள், "இன்சுலினை ஏனம்மா மாத்திரையாகக் கொடுப்பதில்லை?" என்று கேட்டேன். தன் பாட்டிக்கு நாள்தோறும் ஊசி போட்ட பிள்ளை அவள். விடை தெரியாமல் விழித்தாள். அது நான் சொல்லிக்கொடுக்காத பாடம்.

ஒரு மருந்து, மூன்று பருவங்கள்

2012இல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டது. பிள்ளைகள் ஒரு பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகத்தை மூடிவைத்து விடுகிறார்கள். ஆனால் பாடம் ஒன்றோடொன்று பின்னியது. இன்சுலினையே எடுத்துக்கொள்வோம்.

முதற்பருவத்தில் உயிர் மூலக்கூறுகளும் நொதிகளும் வருகின்றன. இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆன புரதம். விழுங்கினால், இறைச்சியையும் பருப்பையும் போலவே வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும். ஆகவேதான் ஊசி. வெப்பம் புரதத்தின் வடிவத்தைக் குலைக்கும். அதனால்தான் திறக்காத மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறோம்.

இரண்டாம் பருவம் உடலியங்கியல். உணவுக்குப்பின் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. தசை குளுக்கோஸை உள்வாங்குகிறது. கல்லீரல் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அளவு தணிந்ததும் சுரப்பும் குறைகிறது. இந்தச் சமநிலையைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஊசி போட்ட பாட்டி பசியோடு இருந்தால் ஏன் மயங்குகிறார் என்பதும் விளங்கும்.

மூன்றாம் பருவத்தில் சூழலியலும் மரபியலும் இடம்பெறுகின்றன. 1921இல் டொரோண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். பின்னர் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே பல்லாண்டுகள் மருந்து வந்தது. மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் செலுத்தித் தயாரித்த இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணுத் தொழில்நுட்பம் என்ற பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

பெனிசிலினையும் இவ்வாறே படிக்கலாம். அது பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. மனித உயிரணுவுக்குச் செல்சுவர் இல்லை. வைரசுக்கும் இல்லை, ஆகவே சளிக்காய்ச்சலுக்கு அம்மருந்து பயன்படாது.

பழக வேண்டியவை

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "ஏன்?" என்று ஐந்து கேள்விகளைப் பிள்ளையே எழுதி விடை காணட்டும். இதயம், நெஃப்ரான், செல்சவ்வு ஆகியவற்றைப் புத்தகத்தை மூடிவைத்து வரைந்து பெயர் குறிக்கட்டும். பழைய தேர்வுத்தாள்களைக் கடிகாரம் பார்த்து எழுதட்டும். கட்டுரை வினாக்களை விட்டுவிடக் கூடாது. தவறிய விடைகளுக்குத் தனிக் குறிப்பேடு வைத்து, வாரம் ஒருமுறை அதை மட்டும் திருப்பிப் பார்க்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படித்ததை வீட்டில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் பாடம் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். நாளை மருந்துக்கடையில் நின்று அவர்கள் செய்யப்போகும் தொழிலும் அதுதானே!

பெற்றோர் பாடம் அறிந்திருக்க வேண்டியதில்லை. மாலையில் பத்து நிமிடம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "இன்று என்னம்மா படித்தாய்?" என்று கேட்டு, காது கொடுத்தால் போதும். அந்த மாணவியிடம் நான் கேட்கத் தவறியதை நீங்கள் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்குத் துணை நிற்பானாக.