மரகதமும் வெளிச்சமும்

உத்தரகோசமங்கைக் கோயிலில் உள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே காப்பு களையப்படும். மேளத்தின் அதிர்வு கல்லைத் தாக்கிவிடும் என்பது ஊரார் சொல்லும் காரணம். ஆனால் வெளிச்சம் மரகதத்தை ஒன்றும் செய்யாது. அதிலுள்ள துளி குரோமியம் சிவப்பையும் ஊதாவையும் விழுங்கிவிட, பச்சை எஞ்சுகிறது, அவ்வளவுதான்.

சில மூலக்கூறுகளோ ஒளிபட்டால் உருவமே மாறும். அசோபென்சீன் புறஊதாக் கதிரில் வளையும், நீல ஒளியில் நிமிரும். 2004இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட கிராஃபீன், ஒற்றை அணுத் தடிமனே உள்ள கரித்தாள். அதன்மேல் அசோபென்சீனைப் படியவைத்தால், அது வளைந்து நிமிரும்போது தாளில் ஓடும் மின்னோட்டமும் மாறும். சுவிட்ச் வெளிச்சம்தான்.

இதைப் படிக்கும் உங்கள் விழித்திரையிலும் ரெட்டினால் என்னும் மூலக்கூறு இந்நேரம் ஒளிபட்டு நிமிர்ந்துகொண்டிருக்கிறது.