பழைய சரக்கு வண்டி வாங்கலாமா?

திருப்பூரில் துணி மூட்டை ஏற்றி ஓடிய பழைய சரக்கு வண்டிகளை, காய்கறி கொண்டு செல்ல விவசாயிகள் வாங்குவதுண்டு. வாங்குமுன் கணக்குப் பார்ப்பது நலம்.

ஒரு நடைக்கு வாடகை 800 ரூபாய், ஆண்டுக்கு 40 நடை என்று வைத்துக்கொண்டால் செலவு 32,000 ரூபாய். சொந்த வண்டியின் டீசல், இன்சூரன்ஸ், டயர், பழுதுச் செலவு அதற்குள் அடங்காவிடில் வாடகை வண்டியே மேல். 8 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்கும் செலவும் உண்டு.

மீட்டர் காட்டும் கிலோ மீட்டரை மட்டும் நம்பலாகாது. அதைக் குறைத்துவிட முடியும். காலையில் என்ஜின் சூடேறுமுன் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். என்ஜினைப் பிரிக்கும் செலவு வரலாம். ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடங்களில் சேஸில் விரிசலோ வெல்டிங் தடமோ இருந்தால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியாக இருக்கக்கூடும்.

ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேஸ் எண்கள் வண்டியோடு ஒத்திருக்க வேண்டும். வண்டியின் மேல் கடன் இருப்பின், அது தீர்ந்ததற்கு நிதி நிறுவனம் கையொப்பமிட்ட 35-ம் எண் படிவத்தைப் பெறாமல் முழுப் பணத்தையும் கொடுக்கலாகாது. வாங்கிய 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.